பதினெட்டாம் தேதிக்குள், கதவுள்ள அறையில், ஒரு கோடு சிக்னல்

அனுப்புநர்:
உரிமையாளர், தையல் கடை
(தெருவில் "டெய்லரம்மா" என்று கேட்டால் கை காட்டுவார்கள்),
தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்றாவது கட்டடம், கீழ்த்தளம்.

பெறுநர்:
உயர்திரு மண்டலக் குறைதீர் அதிகாரி அவர்கள்,
கைப்பேசிச் சேவை நிறுவனம்,
மண்டல அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: எங்கள் தெருவில் கைப்பேசிக்கு சிக்னல் இல்லாதது குறித்தும், என் கடையின் ட்ரையல் ரூமில் மட்டும் அது இருப்பது குறித்தும், முன்னதைவிடப் பின்னது பெரிய தொல்லையாக இருப்பது குறித்தும் புகார்.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த ஆறு புகார்கள். ஆறும் தங்கள் அலுவலகத்தால் மூடப்பட்டவை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் இந்தத் தெருவில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை நடத்தி வருகிறேன். முன்பக்கம் கடை. பின்பக்கம் ஒரே ஓர் அறை, அதில்தான் குடியிருக்கிறேன். தங்கள் நிறுவனத்தின் இணைப்பையும், அதே திட்டத்தில் தாங்கள் கொடுத்த கைப்பேசியையும் ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு வரை இரண்டையும் நான் குறை சொன்னதில்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

2. என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். போய்ப் பதினோரு வருடமாகிறது. நடுநடுவே ஒரு மாத விடுப்பில் வருவார். வந்தால் என் சமையலில் உப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்புவார். இந்த மாதம் இருபதாம் தேதியோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். போடாவிட்டால் வீடு. "வந்துடட்டுமா, இல்ல கையெழுத்துப் போட்டுடட்டுமா?" என்று சென்ற முறை போனில் என்னைக் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பதினெட்டாம் தேதி கப்பல் கரைக்கு வரும், பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுக்குள் பேசுவார். அதை விட்டால் பேச்சு இல்லை, கையெழுத்துதான். இந்த மனு முழுவதும் அந்த ஒரு பதிலைப் பற்றியது என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

3. தெருமுனையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் தங்கள் டவர் நிற்கிறது. காக்கைகளுக்கு அதனால் நல்ல பயன் இருக்கிறது. எங்களுக்கு மூன்று மாதமாக இல்லை. இது குறித்து ஆறு முறை புகார் செய்தேன். ஆறு முறையும் எனக்கு வந்த பதில் ஒன்றே: "தங்களைத் தொலைபேசியில் தொடர்பு கொள்ள முயன்றோம். தாங்கள் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருந்ததால் புகார் மூடப்படுகிறது." ஐயா, அப்பால் இருக்கிறேன் என்பதுதானே என் புகார். கிணற்றில் விழுந்தவளிடம் மேலே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, பிறகு கயிறு போடுகிறோம் என்று சொல்வது போல இருக்கிறது. இந்தப் பதில்களும் எனக்கு உடனே வந்து சேரவில்லை. மூன்று நான்கு நாள் கழித்து, ஒரே நிமிடத்தில், எல்லாம் சேர்ந்து வந்தன. எங்கே வந்தன என்பதுதான் அடுத்த பத்தி.

4. ட்ரையல் ரூமில் சிக்னல் இருப்பதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு நிலத் தரகர். புதிதாகத் தைத்த பேன்ட்டைப் போட்டுப் பார்க்க உள்ளே போனார். ஒரு காலை நுழைத்து, மறு காலைத் தூக்கிய நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மூன்று வாரமாக அடிக்காத போன் என்பதால் பயந்துபோய் மூலையில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே ஒரு மனையைப் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அரை மணி நேரத்தில் தெரு முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த அறை மூன்றடிக்கு மூன்றடி. ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஒரு பல்பு, ஒரு ப்ளக், இரண்டு கொக்கி, முன்னால் நானே தைத்த பச்சைத் திரை. இந்த அறைக்கு மட்டும் தாங்கள் ஏன் கருணை காட்டுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

5. அன்றிலிருந்து என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துணி கொண்டுவருவதில்லை. காலை ஒன்பது மணிக்கு வரிசை தொடங்குகிறது. மணப்பெண் ஒருத்தி கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றாள், உள்ளே தரகர் கிழக்குப் பார்த்த மனையை விற்றுக்கொண்டிருந்ததால். வேறொரு நாள் அதே தரகர், கொக்கியில் நான் குண்டூசி குத்தி மாட்டியிருந்த சட்டைக் கையைத் தன் முதுகில் ஒட்டிக்கொண்டு வீதி முழுக்க நடந்து போயிருக்கிறார். மூன்று கையோடு போன அவரை யாரும் நிறுத்தவில்லை, எல்லோரும் அப்போது வரிசையில் நின்றார்கள். அந்தக் கையை மீட்டு வர எனக்கு ஒரு மத்தியானம் போயிற்று.

6. இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. திரையை இழுத்துவிட்டால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, ஆகவே கேட்கவும் கேட்காது என்று எங்கள் தெருவில் அனைவரும் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். திரையிலிருந்து என் தையல் மிஷின் இரண்டடி. மிஷின் நின்றால் உள்ளே விடும் மூச்சுகூடக் கேட்கும். நான் யாருடைய ரகசியத்தையும் வெளியே சொல்கிறவள் இல்லை. எனவே, தன்னிடம் வருகிறவர்களை இனிப்புப் பக்கமே போகக்கூடாது என்று மிரட்டிவிட்டு, தினமும் பதினொரு மணிக்கு உள்ளே வந்து, "க்ரீம் பன் ரெண்டு பெட்டி, பின்பக்க வாசல்ல குடுத்துடுங்க" என்று மெல்லிய குரலில் சொல்பவர் யார் என்று நான் குறிப்பிடமாட்டேன். எங்கள் தெருவில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுதான் இருக்கிறது என்பதை மட்டும் தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன். அதேபோல, ஒரே மனையை ஒரே மதியத்தில் மூன்று பேரிடம் "உங்களுக்காகவே எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொன்ன குரலையும் நான் அடையாளம் காட்டப்போவதில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். தெருவில் எவரும் அவர் பல்லைப் பார்த்ததில்லை. மாலை ஐந்து மணிக்குத் திரைக்குள் போய்ப் பேரனுக்காக ஆடு போலக் கத்துகிறார், ரயில் போல ஊதுகிறார், சுரங்கப்பாதையில் ரயில் போகும் ஓசையைக்கூட விடுவதில்லை. வெளியே வரும்போது கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி தலைமையாசிரியர் ஆகிவிடுகிறார். அவர் வரும்போது நான் வேண்டுமென்றே மிஷினை வேகமாக ஓட்டுவேன்.

7. கைப்பேசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சார்ஜர் ஒயரில் இருக்கும்வரை அதற்கு உயிர் உண்டு. ஒயரைப் பிடுங்கினால் நான்கு நிமிடம். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நான்கேதான். ஏழும் ஒன்பதும் அழுத்தினால் ஏறாது. தானாகவே தரகருக்கு மட்டும் போன் போடும், அவருடைய எண்ணில் ஏழும் ஒன்பதும் இல்லாதது காரணமாக இருக்கலாம். தங்கள் சேவை மையத்துக்கு எடுத்துப் போனேன். நன்றாகத் துடைத்துக் கொடுத்தார்கள்.

8. ஆறாவது புகாருக்குப் பிறகு, இம்மாதம் ஐந்தாம் தேதி, தங்கள் கள ஆய்வாளர் நேரிலேயே வந்தார். இதற்கு நன்றி. தெருவில் மேலும் கீழும் நடந்தார், தொட்டியை அண்ணாந்து பார்த்தார், பிறகு மற்ற எல்லோரையும் போல என் ட்ரையல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார். கையில் படிவம் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார். மிஷினில் நூல் அறுந்து, நான் ஊசியில் கோத்துக்கொண்டிருந்த நேரம் அது. "சார், டவர் செத்துதான் கெடக்கு. புதுக் கடைவளாகத் திறப்புக்குன்னு இங்கேருந்து கழட்டிட்டுப் போன பேட்டரி இன்னும் திரும்பி வரல. ஆனா இந்த டெய்லர் கடைக்குள்ள மட்டும் ஃபுல்லா காட்டுது" என்றார். எதிர்முனையில் இருந்தவர், "அப்ப அந்த ரீடிங்கயே போட்டு மூடிடுய்யா" என்றார். அந்தக் குரல் யாருடையது என்பது எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன். ஆய்வாளர் அவரை 'சார்' என்றுதான் அழைத்தார். நம் நாட்டில் சார்களுக்கா பஞ்சம்?

9. அந்த சார் மேலும் பேசினார். தன்னுடைய நீலக் கால்சட்டையைக் கொடுத்தனுப்புவதாகவும், இடுப்பை இரண்டு அங்குலம் பிரித்துவிட வேண்டும் என்றும், வீட்டில் தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடப்பதாகச் சொல்லிவைத்திருப்பதால் விஷயம் வெளியே போகக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். கால்சட்டை மறுநாள் வந்தது. வேலையும் முடிந்துவிட்டது. அளவு நோட்டில் எழுதுவதை நான் யாருக்கும் காட்டுவதில்லை, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு இடுப்பும் என் கடையிலிருந்து வெளியே போனதில்லை. எனவே இதை மிரட்டல் என்று தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

10. இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பொய்யான புகார் என்று பின்னால் பெயர் வரக்கூடாது. என் ஆறாவது புகாரில், "இரண்டாம் தேதி என் கணவருடன் பேசிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்துபோனதால் பதில் சொல்ல முடியவில்லை" என்று எழுதியிருந்தேன். அது முழு உண்மை அல்ல. அன்று அவர் வந்துடட்டுமா என்று கேட்ட பிறகு இணைப்பு நன்றாகவே இருந்தது. அவருக்குப் பின்னால் யாரோ இருமியதுகூடத் தெளிவாகக் கேட்டது. பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது ஐயா. மற்றதெல்லாம் "சாப்பிட்டியா" வகை. எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் வரிசை நின்றது. தரகர், ஜிம் மாஸ்டர், தலைமையாசிரியர், துணியோடு வந்த இரண்டு பேர். மிஷின் ஓடவில்லை, அதை ஓட்டுகிற நான் உள்ளே நிற்கிறேனே. திரை சுவர் இல்லை என்பது தெருவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால்தான் எனக்கு ஒருத்திக்கு மட்டும் அந்த அறையில் வாய் வரவில்லை.

11. நான் சொன்னது இதுதான்: "கட்டிங் டேபிள்ல துணி கெடக்கு. அப்புறம் பேசலாம்." அவர், "சரி சரி, நீ வேலையப் பாரு" என்றார். அதற்குப் பிறகுதான் இணைப்பு அறுந்தது. என்னை வேண்டாம் என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். வெளியே வந்து வேலையைத்தான் பார்த்தேன். தலைமையாசிரியரின் பேன்ட் துணியை விரித்து, கோடு போட்டு, வெட்டி முடித்த பிறகு பார்த்தால் இரண்டும் இடது கால். கத்திரி பிடித்த நாளிலிருந்து நான் செய்யாத தவறு. அவர் இரண்டு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார், மடித்து மேஜையில் வைத்தார், "பரவாயில்லம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபித்திருந்தால் நான் அழுதிருக்கமாட்டேன்.

12. அழுததில் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் இவர்களாகவே கூடிப் பேசி, பதினெட்டாம் தேதி மூன்றிலிருந்து ஆறு வரை ட்ரையல் ரூமை எனக்கே விட்டுக்கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள். என் கடை, என் ட்ரையல் ரூம், எனக்கே விட்டுக்கொடுக்கிறார்கள். தலைமையாசிரியர் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். தரகர் அன்று எந்த மனையையும் விற்பதில்லை என்று உறுதி கொடுத்திருக்கிறார். ஜிம் மாஸ்டர் தன் சீடர்கள் நான்கு பேரோடு இருபதடி தள்ளி நின்று யாரையும் நெருங்கவிடாமல் காவல் காப்பாராம். இவ்வளவு நல்லவர்கள் இருபதடி தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் எப்படி ஐயா வாயைத் திறப்பது?

13. வேறு வழி பார்க்கவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். பார்த்தேன்.

பாலத்துக்கு அப்பால் உள்ள பேக்கரியில் சிக்னல் உண்டு, ப்ளக்கும் உண்டு. சென்ற மாதம் கடையை அடைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்து நான்கு டீ குடித்தேன். அவர் கூப்பிட்டது நான் பாலத்தில் திரும்பி நடந்து வரும்போது. அதுவும் தவிர, பேக்கரியில் திரைகூட இல்லை.

குறுஞ்செய்தி அனுப்பலாமே என்று தங்கள் மையத்தில் ஒரு பெண் சொன்னாள். அவருடைய போன் போன மாதம் கொதிக்கிற சூப் பாத்திரத்துக்குள் விழுந்துவிட்டது. இப்போது துறைமுகத்தில் வரிசையில் நின்று பொதுத் தொலைபேசியில்தான் பேசுகிறார். எந்த எண் என்று முன்கூட்டியே எனக்குத் தெரியாது. கடிதம் போட்டால் கப்பலைத் துரத்திக்கொண்டே போகும்.

கப்பல் நிறுவனத்தில் கேட்டேன். அவசரம் என்றால் கேப்டன் மூலமாகத் தகவல் சொல்கிறோம் என்றார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொள்ளப் பேனாவையும் எடுத்தார்கள். அது கேப்டன் வாயால் போக வேண்டிய செய்தி அல்ல. ஒன்றுமில்லை என்று சொல்லி வந்துவிட்டேன்.

14. என் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குக் கதவு இருக்கிறது. நல்ல கனமான மரக்கதவு, உள்ளே தாழ்ப்பாள். ட்ரையல் ரூமிலிருந்து பதினோரு காலடி. அங்கே ஒரு கோடு சிக்னல் போதும். ஐந்து கோடு வேண்டும் என்று பேராசைப்படவில்லை. போனையும் மாற்றித் தர வேண்டாம். நான்கு நிமிடம் உயிரோடு இருந்தால் தாராளம். நான் சொல்ல வேண்டியது ஒரு சொல், அதற்கு ஒரு நொடி ஆகும். மிச்ச நேரத்துக்கு அவர் உப்பைப் பற்றிப் பேசிக்கொள்ளட்டும்.

15. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ) கடைவளாகத் திறப்பு விழா முடிந்து மூன்று மாதமாகிவிட்டபடியால், விருந்துக்குப் போன பேட்டரியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு, பதினேழாம் தேதி மாலைக்குள் தண்ணீர்த் தொட்டி டவருக்கு உயிர் கொடுக்குமாறும்,

ஆ) சிக்னல் அளவை ட்ரையல் ரூமில் எடுக்காமல், என் பின்னறையில், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, ஆய்வாளர் உள்ளேயும் நான் வெளியேயும் நின்று எடுக்க ஆணையிடுமாறும் (அவர் உள்ளே என்ன பேசினாலும் எனக்குக் கேட்காது, அவருக்கும் அது நிம்மதி),

இ) இந்தப் புகார் குறித்து என்னைத் தொலைபேசியில் தொடர்பு கொள்ள முயல வேண்டாம் என்றும், ஆள் அனுப்பவோ அஞ்சலட்டை போடவோ செய்யுமாறும்

பணிவன்புடன் வேண்டுகிறேன்.

16. எட்டாம், ஒன்பதாம் பத்திகளில் வந்த 'சார்' அவர்களைத் தாங்கள் அலுவலகத்தில் எங்காவது சந்திக்க நேர்ந்தால் ஒரு தகவல் சொல்லவும். அவருடைய நீலக் கால்சட்டை தயார். ஆனால் போட்டுப் பார்க்காமல் துணியைக் கொடுத்தனுப்பும் பழக்கம் என் கடையில் இல்லை. அவர் நேரில்தான் வர வேண்டும். டவர் வேலை செய்தால் ட்ரையல் ரூம் காலியாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். வேலை செய்யாவிட்டால் ஜிம் மாஸ்டருக்கும் தரகருக்கும் நடுவில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், எத்தனை அங்குலம் பிரித்தது என்று அவர்கள் கட்டாயம் விசாரிப்பார்கள். நான் சொல்லமாட்டேன். ஆனால் திரை வெறும் திரைதான்.

17. என் பதில் என்ன என்பதை இந்த மனுவில் எங்கேயும் நான் எழுதவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். மறந்துபோய் விடவில்லை. அது தங்களுக்குச் சொல்ல வேண்டிய சொல் அல்ல என்பதால் எழுதவில்லை. எழுதாமலே அது தரகருக்குத் தெரியும், ஜிம் மாஸ்டருக்குத் தெரியும், கால அட்டவணை போட்ட தலைமையாசிரியருக்குத் தெரியும். இந்த மனுவைப் பிரித்து முத்திரை குத்தும் தங்கள் அலுவலக எழுத்தருக்கும், கடைசி வரைக்கும் பொறுமையாகப் படித்த தங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். இன்னும் தெரியாதவர் ஒரே ஒருவர்தான், அவர் பதினெட்டாம் தேதி மூன்று மணிக்கு ஒரு துறைமுகத்தில் வரிசையில் நிற்பார்.

நாள்: ஒன்பதாம் தேதி
இடம்: ட்ரையல் ரூம், திரைக்கு உள்பக்கம் (வெளியே நான்கு பேர் காத்திருக்கிறார்கள்)

இப்படிக்கு,
ஒரு கோடு எதிர்பார்த்து,
(ஒப்பம்)
டெய்லரம்மா

இணைப்பு:
1. மூடப்பட்ட ஆறு புகார்களின் நகல்கள்.
2. தலைமையாசிரியர் எழுதிய கால அட்டவணையின் நகல்.
3. பேன்ட் துணி, இடது கால், இரண்டு. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். ஒன்றையாவது மறுபடி உபயோகிக்க வேண்டும்.